நூற்று அறுபத்து மூன்று பாதி ரோல்ஸ்

எங்கள் ரோல்ஸ் நன்றாக இல்லை என்று சொன்ன ஒரு மனிதரைக்கூட முதல் கோடையில் நான் சந்திக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கடையை மூடும் நிலைக்கு எங்களைக் கொண்டுவந்ததே அந்தப் பாராட்டுத்தான்.

எண்பதுகளின் கடைசி. கணிதம் படித்த நான் லண்டனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் புள்ளிவிவரப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. ரயில் பெட்டியில் ஏறினால் குடை வைத்திருப்பவர்களை எண்ணுவேன், கல்யாண வீட்டில் கதிரைகளை எண்ணுவேன். என் மனைவியின் தம்பி அப்போது நாட்டை விட்டு வந்து, உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி அடுப்படி வரைக்கும் முன்னேறியிருந்தான். அவன் செய்கிற ரோல்ஸை ஒருமுறை சாப்பிட்டவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய மாத்தகட்டில் உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூள் புரட்டிப் பொரித்தது. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விட நீளம்.

கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் மூடிக்கிடந்த ஒரு மீன் சிப்ஸ் கடையைக் குத்தகைக்கு எடுத்தோம். பொரிக்கும் தொட்டிகள் ஏற்கெனவே இருந்தன. கவுன்சில் சுகாதாரப் பரிசோதகர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வேலையை விட்டேன். என் மேலதிகாரி நல்ல வெள்ளைக்காரர். "கிறிஸ்மஸுக்குள் மனம் மாறினால் வா, உன் மேசை இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். என் மனைவி அந்த வாக்கியத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். கிறிஸ்மஸுக்குள் கடை தன் காலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் நான் மேசைக்குத் திரும்ப வேண்டும், தம்பி பழையபடி யாரோ ஒருவரின் அடுப்படிக்குப் போக வேண்டும். இதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் எங்கள் தமிழ்ச் சனம். பிறந்தநாள், பெண் பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, புது வீடு குடிபூரல், பிள்ளை கம்பஸுக்குப் போவது என்று ஒரு வீட்டில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கொண்டாட்டமாவது இருக்கும். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள், இருநூறு பேர் வருவார்கள். அந்தத் தட்டுகளில் எங்கள் ரோல்ஸ் ஏறிவிட்டால், அந்த இருநூறு பேரும் அடுத்த கொண்டாட்டத்தை வைக்கப் போகிறவர்கள்தானே. காகிதத்தில் இது மிக அழகான கணக்கு. நான் அதைப் போட்ட அன்று எனக்கு நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒவ்வொரு கொண்டாட்டத்துக்குப் பிறகும் திங்கட்கிழமை அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து விசாரிப்பேன். இது அலுவலகத்தில் பழகியது. பதில் எப்போதும் ஒன்றுதான்.

"ஐயோ அண்ணை, சொல்லி வேலையில்லை. எங்க எடுத்தனீங்கள் எண்டு எல்லாரும் கேட்டவை."

இருபத்தாறு வீடுகள். இருபத்தாறு பேரும் அப்படியே சொன்னார்கள். ஒக்டோபர் பிறந்தபோது, அந்த இருபத்தாறில் இரண்டாவது முறை எங்களிடம் ரோல்ஸ் எடுத்த வீடு ஒன்று. அதுவும் என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா வீடு. அதை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.

எனக்குக் கவலைப்பட நிறைய விஷயங்கள் இருந்தன. சாமான் ஏற்றும் கடை வானின் பின் டயர் சரியில்லை என்று கவலைப்பட்டேன். எண்ணெயை மாற்றும் நாள் பிந்திவிட்டதோ என்று கவலைப்பட்டேன். கடைக்குப் பெயர்ப்பலகை பெரிதாக வேண்டும், துண்டுப் பிரசுரம் அடிக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்தேன். உப்பைக் கூட்டிப் பார்த்தோம், மிளகாயைக் குறைத்துப் பார்த்தோம். என் மைத்துனன் ஒரு வழி கண்டுபிடித்தான்: ரோல்ஸை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவது. "ஆக்கள் எங்களை நினைக்க வேணும் அத்தான்" என்றான். நானும் தலையாட்டினேன். ஆக, ஏற்கெனவே பெரிதாக இருந்தது இன்னும் பெரிதானது.

தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள். நானூறு ஆட்டிறைச்சி ரோல்ஸ். என் மனைவிக்கும் அழைப்பு இருந்ததால் அவள் பட்டுச்சேலை உடுத்து விருந்தாளியாக வந்திருந்தாள். நாங்கள் இருவரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு தட்டுகளின் பின்னால் நின்றோம். பின்னேரம் கூட்டம் கலைந்த பிறகு சாமான்களை வானில் ஏற்றும்போது வழக்கம்போல எண்ணினேன். தட்டம் எல்லாம் சரி. இடுக்கி எட்டுக் கொண்டுபோனது, ஏழுதான் இருந்தது.

ஒரு இடுக்கி பெரிய விஷயம் இல்லை என்று எந்தச் சாதாரண மனிதனுக்கும் தெரியும். என்னால் மட்டும் அதை விட்டுவிட்டு வர முடியாது. கடதாசித் தட்டுகளோடு சேர்த்துக் குப்பைக்குள் போட்டிருப்பார்கள் என்று நினைத்து, மண்டபத்தின் பின்கதவருகே கட்டி வைத்திருந்த கறுப்புப் பைகளில் ஒன்றை அவிழ்த்தேன்.

இடுக்கி இல்லை. ரோல்ஸ் இருந்தது.

கடித்த ரோல்ஸ். முதலில் ஐந்தாறு கண்ணில் பட்டது. கையை விட்டுக் கிளறினேன். வரவரக் கூடியது. அடுத்த பையை அவிழ்த்தேன். அங்கே நின்ற ஒரு பழைய மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து அவற்றை வரிசையாக அடுக்கத் தொடங்கினேன். மைத்துனன் வானில் இருந்து இறங்கி வந்தான்.

"அத்தான், என்ன இது? ஆக்கள் பாக்கினம்."

"ஏழு இடுக்கிதான் இருக்கு தம்பி. எட்டுக் கொண்டு வந்தனாங்கள்."

"ஒரு இடுக்கிக்கோ குப்பையைக் கிளறுறியள்? நான் புதுசு வாங்கித் தாறன், வாங்கோ."

"இடுக்கியை விடும். இதைப் பாரும்."

அவன் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அந்த அலுவலகத்தில் அத்தனை ஆண்டுகள் ஆயிரக்கணக்கான எண்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட இப்படி என்னைப் பார்த்துப் பேசியதில்லை. நூற்று அறுபத்து மூன்று துண்டுகள். எண்ணிக்கையை விட முக்கியமானது, எல்லாவற்றிலும் கடி ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருந்தது. சட்டைப்பையில் இருந்த பேனாவை வைத்து அளந்தேன். பாதி, பாதி, பாதிக்குக் கொஞ்சம் கூட, பாதி.

பிடிக்காத பண்டத்தை ஒரு கடியோடு வைத்துவிடுவார்கள். இவர்கள் ஒரு கடி கடித்து, இன்னொன்றும் கடித்து, பிறகு நிறுத்தியிருக்கிறார்கள். ருசி குறையில்லை. வேறு ஏதோ அவர்களை அந்த இடத்தில் நிறுத்துகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். கார் நிறுத்தும் இடத்தில் ஆண்கள் கூடி நின்று கதைத்த பக்கத்திலும் ஒரு பை கிடந்தது. அதில் போத்தல்களும் வெறும் தட்டுகளும் மட்டுமே இருந்தன, ஒரு துண்டு ரோல்ஸ் இல்லை. மிச்சமெல்லாம் மண்டபத்துக்குள் இருந்து வந்தது. உள்ளே நின்றவர்கள் பெண்களும் பிள்ளைகளும். அடுத்த கொண்டாட்டத்துக்கு எங்கே சாப்பாடு சொல்வது என்று தீர்மானிப்பவர்களும் அவர்கள்தான்.

காணாமல் போன இடுக்கி மைத்துனனின் ஏப்ரன் பைக்குள் இருந்தது. வான் கிளம்பிய பிறகுதான் அவன் தொட்டுப் பார்த்தான். நல்ல காலம், முதலே தொட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் இன்னும் சேலை மாற்றவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் என்னைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினாள். பிறகு, மிஞ்சின ரோல்ஸில் ஒன்றைக் கடதாசித் தட்டில் வைத்துக் கொண்டுவரச் சொன்னாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையின் நடுவில் நின்றாள். இடக்கையில் தட்டு. அதே கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் சோடா ஊற்றின கப்.

"இப்ப ஒரு பிள்ளை என்ர சேலையைப் பிடிச்சு இழுக்குது. வீடியோக்காரன் லைட்டை அடிச்சுக்கொண்டு வாறான். இனிப் பாருங்கோ."

கடித்தாள். முதல் கடி அழகாக இருந்தது. இரண்டாவது கடிக்கு ரோல்ஸின் வயிறு திறந்தது. கிழங்கு சரிந்தது. சேலையைக் காப்பாற்ற அவள் இடுப்பை வளைத்து முன்னால் குனிந்தாள், கப் சரிந்தது, எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதை முடிக்க ரெண்டு கையும் ஒரு கதிரையும் வேணும். வாயையும் ஆவெண்டு திறக்க வேணும். வீடியோவுக்கு முன்னால ஆர் திறப்பினம்?"

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. "நீரும் பாதிதான் சாப்பிட்டனீரோ?"

"ஓம்."

"நான் கேட்ட நேரமெல்லாம் நல்லா இருக்கு எண்டுதானே சொன்னனீர்?"

"நல்லாத்தானே இருக்கு. ருசியில ஒரு குறையும் இல்லை. அவன்ர மனம் நோகுமெண்டு மிச்சத்தைச் சொல்லேல்லை."

என் சொந்த மனைவி. ஒரே வீட்டில், ஒரே மேசையில். தொழில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதைவிட வேறில்லை. எங்கள் சனத்திடம் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, உங்களை நோகடிக்காமல் இருக்கிறார்கள். அது எங்கள் வளர்ப்பு, நானும் அப்படித்தான். இந்த ஊரில் வேறு வீடுகளில் எத்தனை வறண்ட கேக்கைப் புகழ்ந்திருக்கிறேன். வாயைக் கேட்காதீர்கள், தட்டைப் பாருங்கள்.

மறுநாள் கடையில் மைத்துனனிடம் பேச்சை எடுத்தேன். அவன் மாத்தகடு வார்த்துக்கொண்டே கேட்டான், கேட்டுவிட்டு அகப்பையைக் கீழே வைத்தான்.

"சின்ன ரோல்ஸோ? விரலளவில குடுத்தா எங்கட சனம் என்ன சொல்லும் அத்தான்? லண்டனுக்கு வந்து பிசுநாறியாப் போயிட்டாங்கள் எண்டு சொல்லும். எனக்கு ஏலாது."

அவன் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. எங்களிடையே பந்தியில் கை சுருங்கியவன் என்று பெயர் எடுத்தால் அந்தப் பெயர் பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் வரும். பெரிதாகச் செய்வது அவனுக்கு வியாபாரம் அல்ல, மரியாதை. அதோடு, பாதி அளவு என்றால் சுருட்டும் வேலை இரட்டிப்பு, அதுவும் உண்மை. நான் நீளத்தையும் சராசரியையும் சொல்லி வாதாடினேன். அவன் சராசரிக்கு மசிகிற ஆள் இல்லை.

அந்த நேரம் மனைவி கடைக்குள் வந்தாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தாள். கோட்டைக் கழற்றாமலே சொன்னாள். "தம்பி, நானும் பாதிதான் சாப்பிடுறனான்."

அவன் அவளையே பார்த்தான். "எப்ப தொட்டு?"

"முதல் நாள் தொட்டு."

அவன் அடுப்பை அணைத்தான். கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று நான் பயந்தேன், வாசற்கதவுக்கும் அவனுக்கும் நடுவில்கூட நகர்ந்து நின்றேன். அவன் கையைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"எவ்வளவு சின்னன்?"

இந்தக் கேள்விக்காக நான் பிறந்தவன் என்று தோன்றியது. பேனாவை எடுத்துக் காட்டினேன்: மூடியின் நீளம், அதில் கொஞ்சம் கூட. இரண்டு கடி.

அந்த வாரம் நாங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் போல இருந்தோம். நாலு அளவில் செய்து பார்த்தோம். எந்த அளவு உடையாமல் போகிறது என்று அறிய, மைத்துனன் தன் அக்காவின் கைப்பையைத் தோளில் மாட்டி, இடக்கையில் தட்டும் கப்பும் பிடித்துக்கொண்டு கடைக்குள் மேலும் கீழும் நடந்து சாப்பிட்டான். கண்ணாடிக்கு வெளியே ஒரு வெள்ளைக்கார அம்மா நின்று பார்த்துவிட்டுத் தன் நாயை இழுத்துக்கொண்டு போனார். என் மனைவி சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துத்தான் நாங்கள் இத்தனை நாளும் ரோல்ஸ் செய்திருக்கிறோம். வாங்குகிறவர்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் பெரியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ரெய்னர்ஸ் லேனில் ஒரு சாமத்திய வீடு. பிள்ளையின் தாய் முந்நூறு மரக்கறி ரோல்ஸ் சொல்லியிருந்தார். அவருக்குத் தொலைபேசி எடுத்து அளவு மாறுவதைச் சொன்னேன். "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ அண்ணை" என்றார். பிசுநாறிப் பெயருக்குப் பயந்த மைத்துனன் முந்நூறுக்கு அறுநூறாகச் செய்து, கோபுரம் போலத் தட்டங்களில் குவித்தான்.

மண்டபத்தில் நான் பரிமாறவில்லை. குப்பைப் பைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். யாராவது தட்டைப் போட வந்தால் எட்டிப் பார்த்தேன். என்னை மண்டபத்துத் துப்புரவு ஆள் என்று நினைத்து ஒருவர் வெறும் கப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார். நான் அதையும் உள்ளே பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

பெண்கள் ஒன்று எடுத்து, கதை நிற்காமலே வாயில் போட்டுக்கொண்டார்கள். இன்னொன்று எடுத்தார்கள். போனவர்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் கைக்கு இரண்டாக அள்ளிக்கொண்டு மேசைகளுக்கு அடியில் ஓடினார்கள். வீடியோக்காரன் ஒரு கையில் கமராவும் மறு கையில் ரோல்ஸுமாக நின்றான். கோபுரங்கள் சரிந்து மேடாகின, பிறகு வெறும் தட்டம் தெரிந்தது. கடைசி மேசைக்குப் பரிமாறும் முன் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்குள் கொட்டு மேளம். மைத்துனன் முகத்தில் இரத்தம் இல்லை. கொண்டாட்ட வீட்டில் பண்டம் முடிந்துபோவது எவ்வளவு பெரிய குறை என்று எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளையின் தாய் மண்டபத்தின் மறு கரையில் இருந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். போகும்போது நன்றிகூடச் சொல்லவில்லை. பைகளை அவிழ்த்துப் பார்த்தேன். பதினொரு துண்டு. அறுநூறுக்குப் பதினொன்று. வானில் வழி முழுவதும் நான் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். "பேசாமல் இருங்கோ அத்தான், முடிஞ்சுது எங்கட கதை" என்றான் அவன்.

திங்கட்கிழமை நான் தொலைபேசியை எடுக்கும் முன்பே கடைச் சுவரில் இருந்த அது அடித்தது.

"என்ன வேலை அண்ணை செய்தனீங்கள்?" அந்தத் தாய்தான். "என்ர மாமியின்ர ஆக்கள் இருந்த மேசைக்கு ஒரு ரோல்ஸ் இல்லை. நான் எந்த முகத்தோட நிக்கிறது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் விடவில்லை. வீடியோவில் வெறும் தட்டம் விழுந்திருக்கிறதாம். பிள்ளைகளை ஏன் அள்ள விட்டோமாம். யாரோ ஒரு மச்சாள் ஆறு எடுத்ததை அவரே கண்டாராம். நான் ஓம், ஓம் என்றுகொண்டே இருந்தேன். மைத்துனன் மாவில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான். நான் சிரிப்பதைக் கண்டு அவன் பயந்துவிட்டான்.

"அடுத்த மாசம் தங்கச்சியின்ர பிள்ளைக்குப் பிறந்தநாள்," என்றார் அவர், அதே கோபக் குரலில். "எண்ணூறு வேணும். குறைஞ்சுதெண்டா உங்களை விடமாட்டன்."

எண்ணூறு என்று மைத்துனனுக்குக் கையால் காட்டினேன். அவன் மாவில் எழுதினான். நான் தலையாட்டினேன். அவன் அதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினான், பெரிதாக.

பின்னால் தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் குடியிருந்த பெண்கள் பலர் எங்களிடம் சுருட்ட வந்தார்கள், கடைகளின் குளிர்பெட்டிகளில் எங்கள் பொதிகள் இருந்தன. ஒவ்வொரு புதுப் பண்டத்துக்கும் பின்னால் எங்கேயாவது ஒரு மண்டபத்தின் பின்கதவும் நான் அவிழ்த்த பைகளும் இருக்கின்றன. பைகளைக் கிளறிவிட்டு வரும் என் கோட்டின் மணம் என் மனைவிக்குப் பிடிக்காது. இன்றைக்கும் நான் குளிர்பெட்டியின் பிளக்கைப் போட்டேனோ என்று எழும்பிப் போய்ப் பார்க்கிறவன். ஆனால் பாராட்டைக் கேட்டு நிம்மதியாக இருந்தது அந்த முதல் கோடையோடு முடிந்தது.

எண்ணூறு ரோல்ஸ் கேட்டு அழைப்பு வந்த அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே பழைய மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். என் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அப்படியா, வியாபாரம் நன்றாகப் போகிறதா என்று விசாரித்தார்.

"மிக நன்றாக," என்றேன். "இன்றைக்குத்தான் எங்களுக்கு முதல் முறைப்பாடு வந்தது."

அவர் மிகவும் மரியாதையாக, அதைக் கேட்கத் தனக்கு வருத்தமாக இருக்கிறது என்றார்.